ரிசல்ட் யார் கைக்கு வரும்?

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பலமுறை எழுத உட்கார்ந்து, நாலு வரி எழுதி, மூடி வைத்துவிட்டேன். இன்றைக்கு முழுதாக எழுதிவிடலாம் என்றிருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லாம் சேர்த்து சுமார் 700 பேர். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் பிறந்ததும் எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போடுவோம். வெளியிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசுவார். எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ஆணுறை, சுத்தமான ஊசி, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. எல்லோரும் சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்வோம், போட்டோ எடுப்போம், வருகைத் தாளில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைப்போம். எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து (பையர்) ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த ஃபைலைத்தான். அந்த வருஷம் கூடுதலாக ஒன்று செய்தோம். பரிசோதனை வண்டியையே கேட்டுக்கு உள்ளே வரவழைத்தோம். விருப்பமுள்ளவர்கள் வேலை நேரத்திலேயே போய் ரத்தம் கொடுக்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று மைக்கில் நானே சொன்னேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு செக்கிங்கில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"சார், டெஸ்ட் எடுத்தா அந்த ரிசல்ட் யார் கைக்குங்க வரும்?"

"உங்க கைக்குத்தாங்கக்கா. வேற யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப நாங்க வேலைக்குச் சேரும்போது ரத்தம் எடுத்தாங்களே, அது ஆபீஸுக்குத்தானுங்களே வந்துச்சு?"

"அது வேறங்கக்கா. அது சும்மா சுகர், ரத்த குரூப் எல்லாம் பார்க்கறது."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுத்தார். எதிர்த்து எதுவும் பேசவில்லை. ஆனால் அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாயங்காலம் வண்டி கிளம்பும்போது ரத்தம் கொடுத்தவர்கள் 11 பேர். அதில் பாதிக்கு மேல் ஆபீஸ் ஆட்கள், நானும் சேர்த்து.

நாமக்கல் லாரி ஆபீஸ்

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒரு ஆபீஸ். 2001-ல் பி.காம். முடித்த கையோடு நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கெழுதச் சேர்ந்தேன். முதலாளிக்கு ஒன்பது வண்டிகள். எல்லாமே வடக்கே போய்வருகிற வண்டிகள். டிரைவர் ஊர் திரும்பியதும் டிரிப் ஷீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். என்றைக்கு லோடு ஏற்றினார், எங்கே இறக்கினார், டீசல் எவ்வளவு, செக்போஸ்ட் செலவு எவ்வளவு, பேட்டா எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். அதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவது என் வேலை. எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மூத்த டிரைவர் ஒருவர். "தம்பி, டீசலப் பாக்காத, தேதியப் பாரு. தேதி சரியா இருந்தா மத்ததெல்லாம் சரியா இருக்கும்" என்பார்.

தேதிகளைத்தான் பார்த்தேன். அவருடைய ஷீட் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. நாமக்கல்லில் ஏற்றி கொல்கத்தாவில் இறக்கியிருக்கிறார். திரும்பி வர லோடு இல்லை, 9 நாள் ஹால்ட். பிறகு அங்கிருந்து டெல்லிக்கு ஒரு லோடு. டெல்லியில் 6 நாள் ஹால்ட். அப்புறம் மும்பை. அங்கிருந்து சேலம். வீட்டை விட்டுக் கிளம்பி 43-வது நாள் திரும்பியிருக்கிறார். வண்டி காலியாக வந்தால் நஷ்டம் என்பதால், லோடு கிடைக்கும் வரை அங்கேயே நிற்கச் சொல்லி போனில் சொன்னது எங்கள் ஆபீஸ்தான். அந்த ஹால்ட் நாட்களுக்கு உண்டான பேட்டாவை எண்ணிக் கொடுத்தவன் நான்.

அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றாலே நாமக்கல், லாரி டிரைவர் என்று பேச்சு வரும். லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் கேட்டிருந்தது. டிரைவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லாதவர் கிடையாது. ஆனால் எங்கள் டிரைவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. நெடுஞ்சாலையில் வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் யாராவது வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 2000-ல் அப்போலோ டயர்ஸ் கம்பெனி டெல்லி டிரான்ஸ்போர்ட் நகரில் லாரிக்காரர்களுக்கென்று ஒரு சுகாதார மையம் திறந்தது. 2003-க்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹான் திட்டத்தில், டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவின் அறக்கட்டளை நாடு முழுக்க லாரி நிறுத்துமிடங்களில் கிளினிக்குகள் நடத்தியது. பால்வினை நோய்க்கு மருந்து, ஆணுறை, ஆலோசனை எல்லாம் கிடைத்தன. இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். டயர் விற்கிற கம்பெனியும் சரக்கு அனுப்புகிற கம்பெனியும் முன்வந்து செய்தன. ஆனால் அந்த டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் அவர்கள் இல்லை. ஒன்பது வண்டி வைத்திருந்த எங்கள் முதலாளி போன்றவர்கள்தான் சம்பளம் கொடுத்தார்கள். நம் நாட்டில் லாரிகளில் பெரும்பங்கு இப்படி நாலைந்து வண்டி வைத்திருக்கும் சின்ன உரிமையாளர்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கிடையாது, லீவு கிடையாது, எச்.ஆர். கிடையாது. வேலை இருக்கிறதா இல்லையா என்பது சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2003-ல் அந்த அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. ஆள் இளைத்தார், இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள், பிறகு இதையும் சொன்னார்கள். விஷயம் எப்படியோ ஆபீஸுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. கையில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, "உடம்பப் பாத்துக்கப்பா, தேறினதும் வா, வண்டி உனக்குத்தான்" என்றார். மூன்று வாரம் கழித்து அவர் வந்தபோது அந்த வண்டி வேறு டிரைவரோடு இந்தூர் போயிருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு டீ வந்தது. எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ். அவருக்கு மட்டும் பேப்பர் கப். டீக்கடைப் பையனுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எங்கள் கிளாஸ்களை ஒரு தடவை பார்த்தார். நிதானமாகக் குடித்தார். கப்பை இரண்டாக மடித்து, அங்கே போடாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வர்றேன் தம்பி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் ஒரு டிரைவர்கூட பரிசோதனைக்குப் போகவில்லை. போவார்களா? அந்தப் பேப்பர் கப்பை எல்லோரும்தானே பார்த்தார்கள்.

அண்ணன் 2004 பொங்கலுக்கு முன்பே போய்விட்டார். அந்த ஏப்ரல் முதல் தேதிதான் அரசு எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் அரசு ஆஸ்பத்திரியும் ஒன்று. மூன்று மாதத்தில் தவறிப்போனது. அவர் மனைவிக்கும் தொற்று இருந்தது. அந்த அம்மாவுக்கு மருந்து கிடைத்தது. இருபது வருஷம் ஆகிவிட்டது, பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்.

ரிப்போர்ட்டின் 14-வது வரி

செக்கிங் அக்கா கேட்ட மறுநாள் காலையில் முதல் வேலையாக, வேலைக்குச் சேரும்போது நாங்கள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றைத் திறந்தேன். ஒரு லேபோடு பேசி வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை அவர்கள் ஆள் வந்து புதிதாகச் சேர்பவர்களிடம் ரத்தம் எடுப்பார். இரண்டு நாளில் ரிப்போர்ட் எல்லாம் ஒரே மெயிலில் எச்.ஆருக்கு வரும். நாங்கள் கடைசிப் பக்கத்தில் 'ஃபிட்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போடுவோம். நான் முழுதாகப் படித்தது அன்றுதான் முதல் தடவை. ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், சர்க்கரை, ரத்தப் பிரிவு என்று வரிசையாகப் போய் 13-வது வரியில் மஞ்சள் காமாலை பி, 14-வது வரியில் எச்.ஐ.வி. 1, 2. பக்கத்தில் 'நான்-ரியாக்டிவ்', அதாவது தொற்றுக்கான அடையாளம் இல்லை.

நாங்கள் கேட்டு வாங்கிய டெஸ்ட் இல்லை அது. லேப்காரர்கள் பேக்கேஜ் என்று கொடுத்ததில் அதுவும் இருந்திருக்கிறது. விலை கட்டுப்படியாகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். அந்த அக்காவிடம் 'சும்மா சுகர் பார்க்கறது' என்று சொன்னேனே, அது பொய். அவருடைய ரிப்போர்ட்டிலும் 14-வது வரி இருந்தது. அவரைக் கேட்காமல் எடுத்திருக்கிறோம், எங்கள் ஃபைலில் வைத்திருக்கிறோம்.

பழைய மெயில்களில் 'ரியாக்டிவ்' என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது, தேடாமல் இருக்கவும் முடியவில்லை. 2019-ல் ஒன்று கிடைத்தது. ஒடிசா பையன், 22 வயது, ஓவர்லாக் டெய்லர் வேலைக்கு வந்தவன். லேப் மெயிலுக்குக் கீழே ஒரு வரி பதில் போயிருந்தது. 'கேண்டிடேட் ஹோல்ட், நெக்ஸ்ட் பேட்ச் பார்க்கலாம்.' அனுப்பியவர் பெயர் என்னுடையது.

எனக்கு அது ஞாபகமே இல்லை. பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், அந்தப் பையன் முகம் வரவில்லை. அன்றைக்கு ஒரு ஐம்பது மெயிலுக்கு நடுவில் அடித்திருப்பேன். சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. அவன் வரவில்லையா, நாங்கள் வர விடவில்லையா? எங்கள் முதலாளி வண்டிச் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்ததைப் பார்த்து மனம் கசந்து லாரி ஆபீஸை விட்டு வந்தவன் நான். 16 வருஷம் கழித்து அதே வேலையை மேஜையில் உட்கார்ந்தபடி ஒரு வரியில் செய்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது உறைத்தது. அந்த ரிப்போர்ட்டை அவனுக்கு யாராவது கொடுத்தார்களா? லேபுக்குப் போன் செய்து கேட்டேன். கம்பெனிக் கணக்கில் எடுக்கிற ரிப்போர்ட்டை கம்பெனிக்கு மட்டும்தான் அனுப்புவோம் என்றார்கள். அப்படியென்றால் அவன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், லேபுக்குத் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அதிலும் அந்த ஒரு டெஸ்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அறிகுறி இல்லாத ஒருவருக்குத் தொற்று உறுதி என்று சொல்ல நம் அரசு மையங்களில் மூன்று வெவ்வேறு கிட்டுகளில் பார்ப்பார்கள். அவனுக்குத் தொற்று இல்லாமலேயேகூட இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அன்றைக்கே மருந்து தொடங்கியிருக்கலாம். இரண்டில் எது என்று அவன் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அது என் மெயில்பெட்டியோடு நின்றுவிட்டது.

விழிப்புணர்வு ஃபைல் ஒரு அலமாரியில் இருந்தது. இந்த மெயில் கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டும் ஒரே ஆபீஸ். எட்டு வருஷமாக நான் மேடையில் பேசியதையெல்லாம் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கவனித்தது மேஜையை.

மருந்து, சட்டம், சுரங்கம்

எச்.ஐ.வி. தடுப்பில் கம்பெனி என்ன செய்ய முடியும் என்று கேட்டால் முன்பெல்லாம் நான் பேச்சாளரைக் கூப்பிடுவது, ஆணுறைப் பெட்டி வைப்பது என்று சொல்லியிருப்பேன். இரண்டும் வேண்டும்தான். ஆனால் 2011-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து இன்னொருவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் நம் சென்னையும் ஒரு இடம். தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து கொடுத்தால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து பரவாது. அப்படியென்றால் மருந்து சாப்பிடுவதே தடுப்பு. ஒரு தொழிலாளி பயமில்லாமல் பரிசோதனைக்குப் போவதும், மருந்து வாங்கப் போகும் நாளில் சம்பளம் போகாமல் இருப்பதும் தடுப்பு. 2017 முதல் நம் நாட்டில் தொற்று உறுதியானவர் எல்லோருக்கும் உடனே மருந்து உண்டு, அரசு மையத்தில் இலவசம். இப்போது பெரும்பாலானோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மையமும் இருக்கிறது. நடுவில் நிற்பது எங்கள் கேட்தான்.

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனி இதைப் பெரிய அளவில் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அங்கே ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு வந்த ஆண்களை மாதக்கணக்கில் விடுதிகளில் தங்கவைத்துத்தான் சுரங்க வேலை நடந்தது. தங்கள் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தொற்று என்று கம்பெனியே கணக்குப் போட்டது. வருஷக்கணக்கில் விழிப்புணர்வு செய்து பார்த்தார்கள். 2002 ஆகஸ்டில், தொற்றுள்ள தொழிலாளர்களுக்குக் கம்பெனிச் செலவிலேயே கூட்டு மருந்து என்று அறிவித்தார்கள். அந்த நாட்டு அரசு பொது ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கத் தொடங்காத நேரம் அது. மருந்து கிடைக்கும், வேலையும் இருக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடினார்கள். அந்த விடுதிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 43 நாள் டிரிப் ஷீட் ஞாபகம் வரும். ஒரு மனிதன் எத்தனை நாள் வீட்டை விட்டு இருக்க வேண்டும் என்பதைத் தொழில்தான் முடிவு செய்கிறது. முடிவைத் தொழில் செய்துவிட்டு, ஒழுக்கத்தை மட்டும் தொழிலாளியிடம் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை எங்களுக்குச் சாக்குச் சொல்லவே இடமில்லை. 1997-லேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவரை எச்.ஐ.வி. இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். வேலை செய்ய உடம்பில் தெம்பிருந்து, மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்றால் இதைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அவர் பெயர் வெளியே வரக் கூடாது என்று வழக்கிலேயே 'எம்.எக்ஸ்.' என்று இரண்டு எழுத்து மட்டும் போட்டார்கள். ஒரு நீதிமன்றம் ஒரு கூலித் தொழிலாளியின் பெயரைக் காப்பாற்ற அத்தனை அக்கறை எடுத்திருக்கிறது. நான் ஒரு பையனின் ரிப்போர்ட்டை நாலு பேருக்குப் போகிற மெயிலில் வைத்திருந்தேன். 2017-ல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. ஒருவர் முழுதாகத் தெரிந்து சம்மதிக்காமல் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே விடக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 700 பேர் இருக்கும் எங்கள் கம்பெனியில் அப்படி ஒருவர் இல்லை. ஆடிட்டர்கள் யாரும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

கேட்டது பன்னிரண்டு, கிடைத்தது நாலு

எம்.டி.யிடம் போனேன். மெயிலைக் காட்டினேன். என் பெயர் இருந்த பக்கத்தை மறைக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாம யாரையும் வேலையை விட்டுத் தூக்கினதில்லையேப்பா" என்றார். தூக்கவில்லை சார், உள்ளேயே விடவில்லை என்றேன். லேப் பேக்கேஜில் அந்த வரியை எடுக்க அன்றைக்கே சம்மதித்துவிட்டார். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எச்.ஆர். ஃபைலிலிருந்து எடுத்து, அவரவர் கையில் மூடிய கவரில் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தோம். புகார் அலுவலராக என்னையே இருக்கச் சொன்னார். நான் அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று சொன்னேன். குவாலிட்டியில் 20 வருஷமாக இருக்கும் மேடம் ஒருவர் ஒத்துக்கொண்டார். பெண்கள் அவரிடம் எதையும் பேசுவார்கள்.

லீவு விஷயத்தில்தான் இழுபறி. எங்கள் லீவு பாரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மருந்து வாங்கப் போகிறவர் அதில் என்ன எழுதுவார்? காய்ச்சல் என்று எழுதுவார், அடுத்த மாதமும் காய்ச்சல் என்று எழுதுவார், மூன்றாவது மாதம் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார். அதோடு அட்டென்டன்ஸ் போனஸும் போகும். எனவே எல்லோருக்கும் மாதம் ஒரு அரை நாள் ஆஸ்பத்திரி நேரம், சம்பளத்தோடு, காரணம் கேட்கக் கூடாது என்று எழுதிக்கொண்டு போனேன். பிரஷர், சுகர், கர்ப்பம், பல்வலி, எதற்கும் எடுக்கலாம். எல்லோரும் எடுத்தால்தான் யார் எதற்குப் போகிறார் என்று தெரியாது. "சீசன்ல 700 பேரும் எடுத்தா ஷிப்மென்ட் எப்படிப் போகும்?" என்று கேட்டார். அவர் கவலையும் பொய் இல்லை. கடைசியில் வருஷத்துக்கு நாலு அரை நாள் என்று முடிந்தது. உடம்பு தேறி நிலையாக இருப்பவர்களுக்கு இப்போது மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நாலு போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் போதாது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு, விசேஷத்துக்கு ஊருக்குப் போகிற ஒரு தடவை தவிர, நடுவிலும் ஒரு நீண்ட லீவு வேண்டும் என்று கேட்டதை அவர் ஏற்கவில்லை. எங்கள் ஹாஸ்டலில் இருக்கும் பையன்கள் பத்து மாதம், பதினொரு மாதம் ஊர் முகம் பார்ப்பதில்லை. ஆலோசகர் தமிழில் பேசிய அரை மணி நேரமும் அவர்கள் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அடுத்த கூட்டம் ஒடியாவிலும் இந்தியிலும் நடந்தது. கேள்விகள் வந்தன, நிறைய வந்தன. கொசு கடித்தால் வருமா என்பதில் தொடங்கி, ஊரில் மருந்து சாப்பிடுகிற ஒருவன் இங்கே வந்தால் எங்கே வாங்குவது என்பது வரை. மையத்தை மாற்றிக்கொள்ளலாம், சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், கேட்டால் போதும் என்றார் ஆலோசகர். அந்தக் கேள்வியைக் கேட்டவன் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பரிசோதனை வண்டியை இப்போது கேட்டுக்கு உள்ளே விடுவதில்லை. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண் எல்லாம் எழுதி கேன்டீனிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறோம். யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆடிட்டர் எண்ணிக்கை கேட்டார். எங்களிடம் இல்லை, இருக்கவும் கூடாது என்றேன். கையில் சீட்டோடு செக்கிங் அக்கா மார்ச் மாதம் ஒருநாள் வந்தார். பெயர், தேதி, காலையா மாலையா, அவ்வளவுதான் சீட்டில் இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 'எங்கங்கக்கா' என்பது வாய் வரை வந்தது, பழக்கதோஷம். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு, "காரணம் எழுத வேண்டாங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்.

கஞ்சம் மாவட்டத்துக்கு ஒரு கடிதம்

2019-ல் நிறுத்திவைத்த அந்த ஒடிசா பையன் விஷயம் பாக்கி இருக்கிறது. பதிவேட்டில் அவன் கொடுத்த செல் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. விலாசம் ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் ஒரு கிராமம். கடிதம் எழுதலாம் என்றால் என்ன எழுதுவது? உள்ளதை எழுதினால் அதை யார் பிரிப்பார்களோ, யார் படித்துக் காட்டுவார்களோ. அவன் அப்பாவோ, மனைவியோ, தபால்காரரோ. எழுதாமல் விட்டாலும் தப்பு. எங்கள் லைனில் இருக்கும் ஒடியாக்காரர் யாரையாவது எழுதச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு வாரம் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆலோசகரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவர் சொன்ன யோசனைப்படி, யார் படித்தாலும் ஒன்றும் தோன்றாத மாதிரி ஒரு கடிதம் தயார் செய்தோம். 2019-ல் எங்கள் கம்பெனிக்கு வந்தவர்களின் மருத்துவ அறிக்கைகள் அப்போது கொடுக்கப்படவில்லை, அது எங்கள் தவறு, மன்னிக்கவும். உங்கள் அறிக்கையை நேரில் மட்டுமே தர முடியும். போன் செய்தால் நாங்களே ஆள் அனுப்புகிறோம், அல்லது வரப்போக டிக்கெட் எடுத்துத் தருகிறோம். அதற்கு முன்பே பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வேலை வேண்டுமென்றால் உங்கள் இடம் இருக்கிறது. கீழே மேடத்தின் நம்பர். ஆலோசகருக்குத் தெரிந்த ஒருவர் அதை ஒடியாவில் எழுதிக் கொடுத்தார். பெயரையும் விலாசத்தையும் நானே எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினேன்.

போன் வரவில்லை. மேடம் அந்த நம்பரை ராத்திரியும் அணைப்பதில்லை. ஒப்புகை அட்டை மட்டும் போன வாரம் திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் நீல மையில் வட்ட வட்டமாக ஒடியாவில் ஏதோ எழுதியிருக்கிறது. அது அவன் பெயரா, வீட்டில் வேறு யாருடையதா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. லைனில் யாரிடமும் காட்டவும் முடியாது. மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.